கடல்காற்றில் கடுஞ்சுருட்டு: ராமநாதபுரம் கரையில் இருப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டமான சுருட்டு ஒன்றைப் பதமாகப் பிடித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க அது ஒரே சீராக எரிய வேண்டும், சூடேறக் கூடாது, அதன் மணம் நம் மூக்குக்கு வந்து சேர வேண்டும். தொண்டி முதல் மூக்கையூர் வரை நம் கரையில் இந்த மூன்றையும் கெடுப்பவை இரண்டு: ஈரமும் காற்றும். சுருட்டைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டில், நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருப்பவருக்காக எழுதப்பட்டவை. பாம்பனிலோ கீழக்கரையிலோ உச்சிப்புளியிலோ இருப்பவருக்கு அவை பாதி வழிதான் வரும். மீதி வழிக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. புகை பிடிக்காதவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் தீங்கில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையல்ல. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் சுருட்டாலும் வரும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவு புகையிலை இருக்கக்கூடும். சிகரெட் புகையில் அமிலத்தன்மை அதிகம், சுருட்டுப் புகையில் காரத்தன்மை அதிகம். அதனால் சுருட்டின் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும், நெஞ்சுக்குப் போகவே வேண்டியதில்லை. ரத்த அழுத்தம், இதய நோய், குடல்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பக்கத்திலேயே வரக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏற்கெனவே சுருட்டுப் பழக்கம் உள்ளவர், எப்போதாவது ஒன்றை எடுப்பவர், அதையும் அவசரமில்லாமல் செய்ய நினைப்பவர், அவருக்குத்தான் மேலே சொல்லப்போவது.

காட்டம் வேறு, சுவை அடுக்கு வேறு

இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். காட்டம் என்பது நிகோடின் உடம்பில் செய்யும் வேலை. அடுக்கு என்பது தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை சுவையும் மணமும் மாறிக்கொண்டே போவது. காட்டம் மட்டும் இருந்து அடுக்கே இல்லாத சுருட்டு உண்டு, மென்மையாக இருந்தும் பல அடுக்கு காட்டும் சுருட்டும் உண்டு. இரண்டும் ஒன்றில் கூடிவருவது அபூர்வம். அது அமைவதன் காரணம் செடியிலேயே இருக்கிறது.

புகையிலைச் செடியின் அடி இலைக்கு வொலாடோ என்று பெயர். அது மெல்லியது, நன்றாக எரியும், சுவை குறைவு. நடு இலை செகோ, மணம் தருவது அதுதான். உச்சி இலை லிகெரோ. வெயிலை நேராக வாங்கிக்கொண்டு, செடியில் கடைசிவரை நின்று, தடித்து எண்ணெய் பிடித்துப்போகும் இலை அது. காட்டம் முழுக்க அங்கேதான். ஆனால் லிகெரோ மெதுவாகத்தான் எரியும். ஆகவே சுருட்டுபவர் அதை நட்டநடுவில் வைத்து, சுற்றிலும் சீக்கிரம் எரியும் இலைகளை அடுக்குவார். வெளி இலைகள் நெருப்பை ஏந்திக்கொண்டு போக, நடு இலை அதன் பின்னாலேயே வர வேண்டும். கடுஞ்சுருட்டின் எல்லாச் சிக்கலும் இந்த ஏற்பாட்டிலிருந்து வருவதுதான். ஈரம் அதிகமானால் நடு இலை எரியாமல் பின்தங்கும். காற்று அதிகமானால் வெளி இலை முந்திக்கொண்டு ஓடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லும் ஒவ்வொரு படியும் தானாகவே விளங்கும்.

அறுத்த இலையைப் பாடம் செய்து, பெரிய அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். உள்ளே வெப்பம் ஏறி இலை புளிக்கும், அம்மோனியா வெளியேறும். லிகெரோவுக்கு இதற்கு மற்ற இலைகளைவிட அதிக காலம் பிடிக்கும். அவசரப்பட்டுச் சுற்றிய சுருட்டு என்றால் முதல் இழுப்பிலேயே அம்மோனியா நெடி மூக்கைக் குத்தும். அது காட்டம் அல்ல, பக்குவக் குறைவு. அப்படிப்பட்டதைச் சில மாதம் மூடி வைத்துவிட்டு அப்புறம் எடுத்துப் பாருங்கள்.

நம்மிடம் சுருட்டு புதிதல்ல. உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் புகையிலையும் ஆங்கிலேயர் காலத்தில் கடல் கடந்து போனவை. ராமநாதபுரம் சீமையில் கருப்பசாமிக்கும் முனியசாமிக்கும் படையலில் இன்றும் சுருட்டு வைக்கிறோம். அந்த நாட்டுச் சுருட்டு இரண்டு முனையும் திறந்தது, ஓரிரு வகை இலையில் சுற்றியது. காட்டத்தில் எதற்கும் குறையாது, ஆனால் முதலிலிருந்து முடிவுவரை ஒரே முகம் காட்டும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இங்கே பேசுவது மட்டும் வேறு வகையை. கியூபாவின் பினார் டெல் ரியோ, நிகராகுவாவின் எஸ்டெலி, ஹலாப்பா போன்ற இடங்களில் விளைந்த இலைகளைக் கலந்து சுற்றிய, ஒரு முனை மூடிய சுருட்டு அது.

எதை எடுப்பது

முதல் கடுஞ்சுருட்டு நீளமாக இருக்க வேண்டாம். ஐந்து அங்குல நீளமும் 50 சுற்றும் கொண்ட ரொபுஸ்தோ போதும். சுற்று என்பது அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கில் எண்ணுவது, ஆக 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் கனம். ஏழு அங்குலச் சர்ச்சில் அளவு அழகாக இருக்கும், ஆனால் பழகாதவரைக் கடைசி இரண்டு அங்குலத்தில் சாய்த்துவிடும்.

கியூபாவில் பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4, பொலிவார் வகைகள், நிகராகுவாவில் ஹோயா டி நிகராகுவா நிறுவனத்தின் ஆந்தான்யோ 1970 ஆகியவை காட்டத்துக்குப் பெயர்போனவை. நடுத்தரக் காட்டத்தில் நன்றாகப் பழகிய பிறகே இவற்றின் பக்கம் போங்கள். சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றியிருக்கும் மேல் இலை கறுத்திருந்தால் காட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். மதுரோ என்னும் கறுத்த இலை நீண்ட நாள் புளிக்கவைத்ததால் அந்த நிறம் பெற்றது. அதன் குணம் பெரும்பாலும் இனிப்புதான். உள்ளே லிகெரோ எவ்வளவு இருக்கிறது என்பதுதான் காட்டத்தைத் தீர்மானிக்கும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாட்டிலிருந்து வருபவர்கள் சுருட்டுப் பெட்டி கொண்டுவருவது சகஜம். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கியூபாச் சுருட்டு என்று யாராவது நீட்டினால் அது போலி. கியூபாச் சுருட்டு அப்படிப்பட்ட பெட்டியில் வருவதில்லை. நல்ல சுருட்டை விரலால் லேசாக அமுக்கினால் எல்லா இடமும் ஒரே மாதிரி கொஞ்சம் இறங்கி எழும். ஓரிடம் கட்டியாகவும் ஓரிடம் தொளதொளவென்றும் இருந்தால் வேண்டாம்.

ஈரம்: நம் கரையின் முதல் சிக்கல்

சுருட்டு 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கடுஞ்சுருட்டுக்கு அதன் கீழ்விளிம்பே நல்லது, நான் 65-ஐத் தாண்ட விடுவதில்லை. தடித்த லிகெரோ காய்ந்தால்தான் எரியும். நம் கரையிலோ ஆண்டில் பல நாள் காற்றின் ஈரம் 75-ஐத் தாண்டி நிற்கும். சும்மா மேசை டிராயரில் போட்டு வைத்த சுருட்டு நமுத்து ஊதிப்போகும். இழுக்கும்போது அடைக்கும், சூடு பட்டதும் மேல் இலை வெடிக்கும். அதற்கும் மேலே போனால் பூஞ்சை.

உலர்நாட்டுக்காரர்களுக்கு ஈரம் சேர்ப்பது கவலை, நமக்கு ஈரத்தை வெளியே நிறுத்துவது கவலை. ஆகவே விலை உயர்ந்த மரப்பெட்டி இங்கே அவ்வளவாக உதவாது, மூடி வழியே கடல்காற்று உள்ளே வந்துவிடும். ரப்பர் வளையம் வைத்த, நான்கு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா போதும். புதிய டப்பாவைக் கழுவி, வாடை போகும்வரை திறந்து காயவிடுங்கள். உள்ளே 65 சதவீதம் என்று குறித்த போவேதா பை ஒன்று. அது ஈரம் மிஞ்சினால் உறிஞ்சும், குறைந்தால் கொடுக்கும். கூடவே சின்ன ஈரமானி ஒன்று.

ஈரமானி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. சோதிக்க வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு பாட்டில் மூடி நிறைய உப்பு எடுத்து, கரையாமல் ஈரச் சேறாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் ஒரு பூட்டுப் பையில் போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் முள் 75-இல் நிற்க வேண்டும். 78 காட்டினால் அது எப்போதும் மூன்று கூட்டிச் சொல்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதற்கு வாலிநோக்கத்து உப்பளத்துக் கல்லுப்பை எடுக்காதீர்கள். சுத்திகரிக்காத கடலுப்பில் மெக்னீசிய உப்புகள் கலந்திருக்கும், அவை அளவைக் கீழே இழுத்துவிடும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பே சரி.

ஈரம் மட்டுமல்ல, வெப்பமும் பார்க்க வேண்டும். 24 டிகிரியைத் தாண்டினால் சுருட்டு வண்டு பொரிக்கும் வாய்ப்பு வருகிறது. இலைக்குள் முட்டை இருந்தால் குண்டூசித் துளைபோல மேல் இலையில் ஓட்டை விழும், ஒன்றில் விழுந்தால் டப்பா முழுக்கப் பரவும். நம் வீடுகளில் 24 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில்தான். அதனால் புதிதாக வாங்கிய சுருட்டை இரட்டைப் பூட்டுப் பையில் போட்டு, ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு, மூன்று நாள் ஃபிரீசர், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டு, அப்புறம் அறை என்று படிப்படியாகக் கொண்டுவாருங்கள். நேராக ஃபிரீசரிலிருந்து வெளியே எடுத்தால் மேல் இலை பிளந்துவிடும்.

பிடிக்கப்போகும் சுருட்டை முந்தின நாளே டப்பாவிலிருந்து எடுத்து, வேறு சிறு டப்பாவில் வெறுமனே வைத்து ஏசி அறையில் சில மணி நேரம் திறந்து வையுங்கள். ஈரம் இன்னும் கொஞ்சம் இறங்கும். இந்த ஒரு வேலையைச் செய்தால் நடுவழியில் அணைந்துபோகும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

காற்று: நேரமும் இடமும்

ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் தென்மேற்கிலிருந்து வரும். மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் எகிறும், பாக் நீரிணைப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று திரும்பினால் நிலைமை தலைகீழ். வாடையில் கீழக்கரைப் பக்கமும் கச்சானில் தேவிபட்டினம், அரியமான் பக்கமும் உட்காருவதே அறிவு. எல்லாவற்றிலும் நல்லது மாசி, பங்குனி. இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட அந்த வாரங்களில் சாயங்காலம் காற்று விழுந்து, கடல் தகடாகக் கிடக்கும். கடுஞ்சுருட்டுக்கு அதைவிட நல்ல பருவம் இங்கே இல்லை.

நாளுக்குள் பார்த்தால், முற்பகலில் தொடங்கும் கடல்காற்று பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாய்ந்தபின் தணியும். அதற்கும் பனி இறங்குவதற்கும் இடையில் ஓர் இடைவெளி கிடைக்கும். அதுதான் நேரம். மதிய வெயிலில் வேண்டவே வேண்டாம், உடம்பு நீர் வற்றியிருக்கும்போது நிகோடின் இரண்டு மடங்கு அடிப்பதாகத் தெரியும்.

கடற்கரையில் நீர் விளிம்பில் உட்கார்ந்து பிடிப்பது படத்துக்கு நன்றாக இருக்கும், சுருட்டுக்கு அல்ல. காற்று நெருப்பை ஊதிக்கொண்டே இருப்பதால் சுருட்டு சூடேறிக் கசக்கும், ஒரு பக்கமாக எரியும், மணமும் பறந்துவிடும். மணம் போனால் அடுக்கும் போச்சு. வீட்டின் காற்று மறைவான திண்ணையோ, முதுகுக்குச் சுவர் உள்ள மொட்டை மாடி மூலையோதான் சரி. கடல் தெரிந்தால் போதும், கடல்காற்று மேலே பட வேண்டியதில்லை. வீட்டுக்குள் குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் புகை உள்ளே போகாத பக்கம் பாருங்கள்.

சில இடங்களில் கூடவே கூடாது. அரியமானில் சவுக்குத் தோப்புக்குள் பற்றவைக்காதீர்கள், காய்ந்த சவுக்குச் சருகு ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும். ஓலைக் குடிசை, காயப்போட்ட வலை, டீசல் வைத்த படகு பக்கமும் அப்படித்தான். ராமேசுவரத்தில் கோயில், அக்னி தீர்த்தக் கரை என்று சொல்ல வேண்டியதே இல்லை. பேருந்து நிலையம், ரயில் நிலையம், உணவகம் போன்ற பொது இடங்களில் புகை பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் நெருப்பையே கொண்டுபோகக் கூடாது. தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிட வரும் காலத்தில் இரவில் வெளிச்சமும் நெருப்பும் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும்.

வயிறும் வாயும்

வெறும் வயிற்றில் கடுஞ்சுருட்டு கிடையாது. சோறு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். ஆனால் அந்தச் சாப்பாட்டில் காரம் குறைவாக இருக்கட்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனாலும் அதை வறுத்தரைத்த மீன் குழம்பு சாப்பிட்ட நாக்குக்குச் சுருட்டின் மிளகு தெரியவே தெரியாது.

பற்றவைக்குமுன் முகத்தையும் உதட்டையும் நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் இருந்தால் உதட்டில் உப்பு படிந்துதான் இருக்கும். உப்பு கசப்பை அமுக்கிக் காட்டும், முதல் இழுப்புகள் பொய் சொல்லும்.

பக்கத்தில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: நிறைய தண்ணீர், கொஞ்சம் இனிப்பு. கருப்பட்டி போட்ட கடுங்காப்பி கறுத்த மேல் இலைச் சுருட்டுக்கு மிக நன்றாகச் சேரும். கீழக்கரைத் தொதல் ஒரு துண்டு இருந்தால் இன்னும் நல்லது, தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்ந்த அந்த எண்ணெய்ப் பசை நாக்கின் வறட்சியைத் தணிக்கும். மது வேண்டாம். தலை சுற்றினால் எதனால் சுற்றுகிறது என்றே தெரியாமல் போகும்.

வெட்டுவதும் பற்றவைப்பதும்

மூடிய முனையில் தொப்பிபோல ஒட்டியிருக்கும் சிறு இலைதான் மொத்தச் சுருட்டையும் பிரியாமல் பிடித்திருக்கிறது. அந்தத் தொப்பியின் விளிம்புக்கோட்டுக்கு மேலேயே, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு, ஒரே வெட்டு. தயங்கித் தயங்கி வெட்டினால் கிழியும். துளை போடும் கருவியும் உண்டு. காட்டமான சுருட்டுக்கு நேர்வெட்டுதான் என் தேர்வு, புகை அகலமாக, குளிர்ச்சியாக வரும். குறுகிய துளையில் தார் சேர்ந்து கசக்கும். கடல்காற்றில் வெட்டும் கருவி சீக்கிரம் துருப்பிடிக்கும், ஒவ்வொரு முறையும் துடைத்து மூடி வையுங்கள்.

வெட்டியதும் பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். லேசான தடை இருக்க வேண்டும். அடைத்தால் ஈரம் அதிகம், இன்னொரு நாள் காயவையுங்கள். அந்த வெற்றிழுப்பில் வரும் வாசனையையும் கவனியுங்கள், சுருட்டு பிறகு சொல்லப்போவதில் பாதி அதில் இருக்கும்.

நெருப்புக்கு ஜெட் லைட்டர் நல்லது, திறந்த வெளியில் அது ஒன்றுதான் நிற்கும். பெட்ரோல் லைட்டரின் வாடை இலையில் ஏறும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடியும்வரை பொறுங்கள். பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பு நாட்டுச் சுருட்டுக்குச் சரி, இதற்குத் தேங்காய் நார் வாடை சேர்ந்துவிடும். சுடரை இலையில் படவிடாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, சுருட்டைச் சுழற்றிக்கொண்டே முனை முழுவதையும் வாட்டுங்கள். விளிம்பு சாம்பல் பூத்ததும் வாயில் வைத்து மெதுவாக இழுத்தபடி சுற்றுங்கள். முனையை நோக்கி மெல்ல ஊதினால் எங்கே பிடிக்கவில்லை என்பது தெரியும். வட்டம் முழுக்கச் சமமாகச் சிவக்கும்வரை பொறுமை வேண்டும். இங்கே செலவிடும் இரண்டு நிமிடம் பின்னால் பத்துத் தடவை சரிசெய்வதை மிச்சமாக்கும்.

இழுப்பு

இதுதான் முழு விஷயமும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, கடுஞ்சுருட்டென்றால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. கருப்பட்டிப் பாகு இறுகும் நேரத்தில் சாயல்குடிப் பக்கம் அடுப்பைத் தணிப்பார்களே, அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும். சூடு கூடினால் இலையின் எண்ணெயும் இனிப்பும் கருகிக் கசப்பு மட்டும் மிஞ்சும். சுருட்டு கையில் சுடுவதாகத் தெரிந்தால் வேகம் அதிகம் என்று பொருள், கீழே வைத்துவிடுங்கள்.

புகை வாயோடு நிற்க வேண்டும், நெஞ்சுக்குப் போகக் கூடாது. சிகரெட்டிலிருந்து வருபவருக்கு இது கைவரச் சற்று நாள் ஆகும். வாயில் நிறைத்து, ஐந்தாறு நொடி வைத்து, வெளியே விடுங்கள். எச்சிலை விழுங்காமல் துப்புவது வயிற்றுக்கு நல்லது.

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கறிச்சாற்றின் கனம், அவ்வளவே. மற்றதெல்லாம் மூக்கில்தான். ஆகவே அடுக்கை அறிய வேண்டுமானால் புகையை மூக்கு வழியே விடப் பழக வேண்டும். வாயிலுள்ள புகையில் முக்கால் பங்கை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுவதுபோல மூக்கு வழியாகத் தள்ளுங்கள். மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது, வெளியே விடும்போதுதான். முதல் தடவை கண்ணில் நீர் வரும். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மூன்று முறை செய்தால் போதும், ஒவ்வொரு இழுப்பிலும் வேண்டாம்.

சுருட்டை மூன்று பகுதியாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் மிளகும் சுக்கும் முன்னே நிற்கும், குறிப்பாக நிகராகுவா இலையில். கொஞ்ச தூரம் போனதும் அந்தக் காரம் அடங்கி, பின்னால் மறைந்திருந்தது மேலே வரும். நடுப்பகுதிதான் நல்ல சுருட்டின் பெருமை. கடுங்காப்பி, கொக்கோ, பதனிட்ட தோல், வறுத்த முந்திரி, ஈர மண், சில சமயம் சுட்ட பனங்கிழங்கின் மாவு மணம்கூட வரும். ஒரே இழுப்பில் முதலில் ஒன்று தெரிந்து, விட்டபின் வேறொன்று தங்கும். தங்கும் அந்தச் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். கனமான சுருட்டில் அடுத்த இழுப்பு வரைக்கும் அது போகாது. கடைசிப் பகுதியில் புகை வழி முழுக்கச் சேர்ந்த எண்ணெயும் தாரும் அடர்ந்து, காட்டம் ஏறும். நல்ல சுருட்டில் அப்போதும் அடியில் ஓர் இனிப்பு ஓடும்.

யாரோ எழுதிய சுவைப் பட்டியலை வைத்துக்கொண்டு தேட வேண்டாம். செர்ரிப் பழம் தின்றறியாதவருக்குச் செர்ரி தெரியாது. உங்கள் அடுப்படியில் உள்ளதைத் தேடுங்கள்: புளியம்பழத் தோடு, வறுத்த மல்லி, பழைய வெல்லப் பானை, ஊறப்போட்ட கடுக்காய். அன்றன்றைக்கு ஒரு தாளில் குறித்து வைத்தால், அதே சுருட்டு வாடைக்காலத்தில் ஒன்றாகவும் பங்குனியில் ஒன்றாகவும் இருப்பது தெரியவரும்.

சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஓர் அங்குலம் வரை நிற்க விடலாம், அது நெருப்பைக் குளிர்த்தி வைக்கும். காற்று இருந்தால் அதற்கு முன்பே கிண்ணத்தின் விளிம்பில் உருட்டி விடுங்கள், இல்லையென்றால் வேட்டியில்தான் விழும். ஒரு பக்கம் முந்தி எரிந்தால் பின்தங்கிய பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்து, அந்த விளிம்புக்கு மட்டும் லைட்டரைக் காட்டுங்கள். அணைந்துவிட்டால் சாம்பலைத் தட்டி, ஒருமுறை உள்ளிருந்து வெளியே ஊதிப் பழம்புகையை நீக்கி, மறுபடி பற்றவையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் பெரிதாக ஒன்றும் கெடாது. மறுநாளைக்கு எடுத்து வைப்பதெல்லாம் வீண்.

தலை சுற்றினால்

வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வேர்வை, வயிற்றைப் புரட்டுவது, நெஞ்சு படபடப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுருட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். இன்னும் ஒரு இழுப்பு என்று போகக் கூடாது, வாயில் ஏறிய நிகோடின் முழுதாக வேலை காட்ட இன்னும் சில நிமிடம் ஆகும். உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். தண்ணீரோ இளநீரோ குடித்து, கருப்பட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு நிகோடினை எடுத்துவிடாது, ஆனால் பலருக்கு நடுக்கமும் குமட்டலும் தணிகிறது. தனியாக எழுந்து கடலில் இறங்குவதோ வண்டி ஓட்டுவதோ அந்த நேரத்தில் கூடாது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

முடிப்பது

கட்டாயமாகக் கடைசிவரை போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. விரல் அகலம் இரண்டு மூன்று மிஞ்சும்போது புகை சுட்டுக் கசக்கும், அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நசுக்கி அணைக்காதீர்கள், நாற்றம் எழும். கிண்ணத்தில் வைத்துவிட்டால் தானே அணையும். வெளியிடத்தில் என்றால் மூடியுள்ள சிறு தகர டப்பா ஒன்று கொண்டுபோய் அதில் போட்டு எடுத்து வாருங்கள். மணலில் புதைத்த கட்டை உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், வெறுங்காலோடு வலை இழுக்க வருபவர் மிதிப்பார்.

வாயை நன்றாகக் கொப்பளித்து, பல்லோடு நாக்கையும் தேய்த்துக்கொள்ளுங்கள். சட்டையையும் வேட்டியையும் வெளியே உதறிக் காயப்போட்டுவிட்டு, கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, வேறு துணி மாற்றிக்கொண்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்கள். டப்பாவில் மிச்சம் உள்ளவற்றை மூடுமுன் ஈரமானியை ஒருமுறை பாருங்கள். 68-க்கு மேல் போயிருந்தால் போவேதா பையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.